ஆயில் மூடியில் நுரை: பழைய ஆம்னிக்கு வந்த 36,500 ரூபாய் பட்டியல்

போடிமெட்டு ஏற்றத்தில் மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றைத் தாண்டியபோது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. பின்னால் இரண்டு அண்டா சாம்பார், ஒரு அண்டா சோறு, பூப்பாறையில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு 11 மணிக்குள் சேர்க்க வேண்டியது. மாருதி ஆம்னி வேன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அதில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதனால் சூடு ஏறினால் முள்ளைப் பார்க்கவே தேவையில்லை, உட்கார்ந்திருக்கிறவனுக்கே தெரிந்துவிடும். ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, இரண்டு பாட்டில் குடிதண்ணீரை ஊற்றி, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். சாம்பார் சூடு குறையவில்லை, அது ஒன்றுதான் லாபம்.

இது 2023 டிசம்பரில். வண்டி 2009 மாடல், எட்டு சீட், பெட்ரோல், அப்போது 1,31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அப்பா வாங்கியது. பெரியகுளத்தில் நாங்கள் மெஸ் நடத்துகிறோம்; காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி ஏற்றி வருவது, மதியம் இரண்டு ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் முடிகிற ஓட்டம். இந்தச் சின்ன ஓட்டம்தான் பின்னால் முக்கியமாகப் போகிறது, அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

அப்பா காலத்திலிருந்து ஒரே மெக்கானிக்தான். பதினோரு வருஷப் பழக்கம். அவரை அண்ணன் என்றே சொல்கிறேன். வண்டியை விட்ட மறுநாள் சாயந்தரம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, அதற்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்திருக்கிற கேஸ்கெட்டை மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து (அடித்தளத்தைச் சமமாக்கி) ஏற்ற 15,500. கிளட்ச் செட் 7,000. ரேடியேட்டர் புதுசு 5,500. முன் ஷாக் இரண்டும் 4,500. இன்ஜெக்டர் கிளீனிங் 2,500. கியர்பாக்ஸ் மவுன்ட் 1,500. கூட்டினால் 36,500.

அந்த நேரத்தில் வண்டியை விற்றால் 80, 85 ஆயிரம் கிடைத்திருக்கும். பிப்ரவரியில் ஆர்சி 15 வருஷம் முடிகிறது. 2022 ஏப்ரலிலிருந்து பழைய காருக்கு ஆர்சி புதுப்பிக்கிற கட்டணமே அப்போது 5,000 ரூபாய், அதற்கு மேல் பசுமை வரி, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) காட்ட டிங்கரிங், பெயின்ட். ஆம்னியை மாருதி 2019-லேயே நிறுத்திவிட்டது, 1984-ல் வந்த வண்டி அது. ஸ்பேர் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் இந்த வண்டியின் பாதி விலையை அதற்குள்ளேயே கொட்டுவதா என்ற கேள்வி வீட்டில் எல்லாருக்கும் வந்தது. அம்மா மட்டும், "அப்பா வாங்குன வண்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அண்ணனிடம் நேராகவே கேட்டேன். "என்னத்தப் பாத்துண்ணே கேஸ்கெட்னு சொல்றீங்க?"

ரிப்பேர் விஷயத்தில் நான் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். விலையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இரண்டாயிரம் குறைத்திருப்பார், நானும் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் கோபப்படவில்லை. சீட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, கவிழ்த்து என் கையில் கொடுத்தார். உள்பக்கம் ஒரு மஞ்சள் நுரை, ஃபில்டர் காபியை ஆறவிட்டால் மேலே படிகிற ஏடு மாதிரி. விரலால் வழித்தால் வழவழவென்று வந்தது. "பாத்தியா? ஆயில்ல தண்ணி கலக்குது. வாரம் ரெண்டு லிட்டர் தண்ணி குறையுதுங்கிற. வண்டிக்கு அடியில ஒரு சொட்டு இல்ல. அப்ப எங்க போகுது? உள்ளதான் போகுது. காலைல புகையும் வெள்ளையா வருது." 

அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. மூன்று அடையாளம், மூன்றும் கேஸ்கெட்டைக் காட்டுகிறது. நான் சரி என்று சொல்லிவிட்டு வர இருந்தேன். ஏன் சொல்லவில்லை என்றால் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

மதுரையில் மச்சான் ஒருவன் ஒர்க் ஷாப்பில் இருக்கிறான். ராத்திரி போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, "டிப் ஸ்டிக்க இழுத்துப் பாத்தியா?" பார்க்கவில்லை. ஆயில் அளவு காட்டுகிற அந்தக் கம்பியை இழுத்து, பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு இழுத்தேன். கறுப்பு ஆயில், சுத்தமாக, அளவும் சரியாக இருந்தது. தண்ணீர் உண்மையிலேயே ஆயிலில் கலந்தால் இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்குகிற சம்ப்பில் இருக்கிற ஆயிலே கலங்கி மோர் மாதிரி ஆகும், அளவும் ஏறும் என்றான். மூடியில் மட்டும் நுரை என்றால் வேறு காரணம் இருக்கலாம். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிவதாலேயே நீராவி உண்டாகிறது, அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். நீண்ட ஓட்டத்தில் ஆயில் நன்றாகச் சூடாகி அது ஆவியாகப் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்துகிற வண்டியில் போகாது. இருப்பதிலேயே குளிர்ந்த இடமான மூடியில் போய் ஒட்டி ஆயிலோடு குழைந்து நுரையாகும். அதிலும் மார்கழி மாசம், மலையடிவாரம். காலையில் வெள்ளைப் புகையும் அப்படித்தான், புகைபோக்கியில் தேங்கின ஈரம். வண்டி சூடான பிறகும் புகை வருகிறதா, நெடி இனிப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். இல்லை.

அதற்காக கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை, போனை வைக்கும்போது அதையும் சொன்னான். அண்ணன் சொன்ன மூன்றில் இரண்டு அடையாளம் வேறு காரணத்தாலும் வரலாம் என்பது மட்டும்தான் இதுவரை தெரிந்தது. மூன்றாவது, தண்ணீர் குறைவது, அப்படியே நிற்கிறது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, இன்ஜின் முழுசாகக் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது, முகத்தில் கொதிநீர் அடிக்கும்.) டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கேஸ்கெட் விட்டிருந்தால் சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து, குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்குமாம், ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் இன்னும் அதிகமாகும். எனக்கு முதலில் நாலைந்து குமிழி வந்தது, வயிற்றைக் கலக்கியது, அப்புறம் நின்றுவிட்டது. அது உள்ளே அடைபட்டிருந்த காற்று. ஆனால் அந்த டார்ச் வெளிச்சத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது: ரேடியேட்டர் வாய்க்குள் தெரிகிற குழாய் முனைகளெல்லாம் வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி. அது யார் செய்த வேலை என்று யோசிக்கவே வேண்டாம். நாலு வருஷமாக கூலன்ட் வாங்காமல் மெஸ்ஸின் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது நான்தான்.

இதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. தேனியில் அறிமுகமே இல்லாத ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே நான் செய்தது கொஞ்சம் நடிப்பு. முதல் பட்டியலைக் காட்டவில்லை. கேஸ்கெட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "தண்ணி குறையுது, மலை ஏறுனா சூடாகுது, எங்க போகுதுனு மட்டும் பாத்துச் சொல்லுங்க, டெஸ்டுக்கு என்ன சார்ஜோ தர்றேன், இப்ப வேலை எதுவும் செய்ய வேண்டாம்" என்றேன். 800 ரூபாய் கேட்டார்கள். பார்ப்பதற்குக் காசா என்று நம் ஊரில் யோசிப்போம். பார்ப்பதற்குக் காசு கொடுக்காவிட்டால் அந்தக் காசு வேலையில்தான் வந்து சேர வேண்டும், அதனால் வேலை என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டே தீரும்.

அங்கே இருந்த பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி 0.9 பார் வரை அழுத்தம் ஏற்றினான். அந்த அளவு ரேடியேட்டர் மூடி தாங்க வேண்டிய அளவு. அந்த அழுத்தத்தில்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் கிட்டத்தட்ட 118 வரை தாங்கும். முள் நாலு நிமிஷத்தில் 0.6-க்கு இறங்கியது. எங்கேயோ கசிகிறது. பையன் சாக்கை விரித்து அடியில் படுத்து டார்ச் அடித்துவிட்டு, "சார், வந்து பாருங்க" என்றான். நானும் படுத்தேன். வாட்டர் பம்ப்புக்கு அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு, பம்ப்புக்குள் இருக்கிற சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வருவதற்கென்றே வைத்தது. அதைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது, அதன் மேல் ஒரு ஈரக்கோடு, கோட்டின் முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, விழவில்லை. வண்டி ஓடும்போது, அழுத்தம் ஏறினால்தான் அது கசிகிறது. கசிந்ததும் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. நிறுத்தினால் நின்றுவிடும். அண்ணன் பட்டறையில் ஒரு ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் இல்லாதது அதனால்தான்.

மூடியைத் தனியாக அதே பம்பில் மாட்டிப் பார்த்தான். 0.4-லேயே விட்டுவிட்டது. 120 ரூபாய் மூடி. மலையில் கொதித்ததற்குப் பாதிக் காரணம் அது.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்க்கிற சோதனை. மூன்று பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் கரன்டையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னான். 165, 160, 160 பிஎஸ்ஐ. மூன்றும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட் போயிருந்தால் அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். இதையும் முழுசாக நம்பக் கூடாது, தண்ணீர்ப் பக்கமாக மட்டும் மெல்லிசாக விட்டிருந்தால் இந்தச் சோதனையில் சிக்காமலும் போகலாம் என்று அவனே சொன்னான். அதனால் மறுபடி அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விட்டு, பிளக் ஓட்டை வழியாக ஏதாவது ஈரம் தெறிக்கிறதா என்று செல்ஃப் அடித்துப் பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது.

ஆக, 15,500 ரூபாய் வேலை தேவையில்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால் "பதினோரு வருஷம் பழகியும் ஏமாத்திட்டான் பாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். நிறுத்தாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பட்டியலில் மீதி ஐந்து இருக்கிறதே. 800 கொடுத்தாகிவிட்டது, எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொன்னேன்.

ரேடியேட்டர் பாதிக்கு மேல் அடைப்பு, அண்ணன் சொன்னது சரி. இடது முன் ஷாக்கில் ஆயில் வடிந்து மண் அப்பியிருந்தது, அதுவும் சரி, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் மவுன்ட்டில் ரப்பர் பிளந்து விரல் நுழைகிற அளவு இடைவெளி, சரி. இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஐடிலிங் சீராக இருக்கிறது, மைலேஜ் குறையவில்லை, பிளக் நிறம் நன்றாக இருக்கிறது. கிளட்ச்சில்தான் குழப்பம். கைப்பிரேக்கைப் போட்டு, நாலாவது கியரில் மெல்ல கிளட்ச்சை விட்டால் இன்ஜின் உடனே நிற்க வேண்டும், நிற்காமல் உறுமினால் பிளேட் வழுக்குகிறது. எனக்கு ஒரு கணம் தயங்கி அப்புறம் நின்றது. கேபிளில் துளிகூடத் தளர்வு இல்லை, அதனால் பெடல் எப்போதும் பாதி அழுத்தின மாதிரி இருக்கிறது என்று சொல்லி அட்ஜஸ்ட் செய்தான். "இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார்." சரி என்றேன். அந்த ஒரு கணத் தயக்கத்தை நாங்கள் இரண்டு பேருமே எங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக, யாரும் கேட்காமலேயே பின் சக்கரத்தைக் கழற்றினான். இடது டிரம்முக்குள், பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் கசிந்து ஷூ எல்லாம் நனைந்து கிடந்தது. பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே. இந்த வண்டியில்தான் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு பதினேழு வளைவும் இறங்கி வந்திருக்கிறேன். 36,500 ரூபாய்ப் பட்டியலில் பிரேக் என்ற சொல்லே இல்லை.

அன்று ராத்திரி அந்தத் துண்டுச்சீட்டை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் அதில் மூன்று விதமான வரிகள் கலந்து கிடப்பது தெரிந்தது. ஷாக், மவுன்ட், ரேடியேட்டர் எல்லாம் அண்ணன் கண்ணால் பார்த்தது. கேஸ்கெட் அவர் ஊகித்தது. கிளட்ச்சும் இன்ஜெக்டரும் அவர் பயந்தது என்று வைத்துக்கொள்ளலாம்: பம்பை மட்டும் மாற்றி அனுப்பி, அடுத்த மாசம் வண்டி மலையில் நின்றால் "காசு வாங்கிட்டு வேலை பாக்கல" என்று நானே போய்ச் சத்தம் போட்டிருப்பேன் இல்லையா? அந்தப் பேச்சு வராமல் இருக்க மெக்கானிக் இரண்டு வரி சேர்த்து எழுதுகிறார். இதில் ஏமாற்று என்று பிடிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவரிடம் அழுத்தம் பார்க்கிற பம்ப் இல்லை, முப்பது வருஷப் பழக்கத்தில் மூடி நுரையைப் பார்த்ததும் கை ஹெட்டுக்குப் போகிறது. மூன்றையும் ஒரே கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்ததுதான் சிக்கல். நானும் பட்டியலை நம்பலாமா, ஆளை நம்பலாமா என்று மொத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். வரிவரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

வேலையை யாரிடம் கொடுப்பது என்பது இதைவிடச் சங்கடமாக இருந்தது. தேனிப் பட்டறையில் கருவி இருக்கிறது, பையன் கெட்டிக்காரன். ஆனால் அதிகாலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் வண்டி நின்றால் வருகிறவர் அண்ணன்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாசம் வண்டியைச் சரிசெய்துவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று போனவர். அவரிடமே போனேன். வேறு இடத்தில் காட்டியதை மறைக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. "நம்பிக்கை இல்லேன்னா அங்கேயே செஞ்சுக்க வேண்டியதுதான" என்றார்.

"நம்பிக்கை இல்லாமலாண்ணே திரும்பி வந்திருக்கேன்? மூணு உங்க சீட்டுல எழுதுனபடியே செய்ங்க. ஹெட்டத் தொடாதீங்க. பம்ப்பையும் பின் பிரேக்கையும் சேத்துக்குங்க. அடியில படுத்து அந்த ஓட்டைய மட்டும் ஒரு தடவ பாத்துருங்க."

படுத்தார். ரொம்ப நேரம் எழுந்திரிக்கவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பம்ப்ப எடுக்கணும்னா டைமிங் பெல்ட்டக் கழட்டணும். எப்ப மாத்துனது அது? அதையும் புதுசாப் போட்டுரலாம்" என்றார். பட்டியலில் இன்னொரு வரி. ஆனால் இந்த முறை நான் கேட்பதற்கு முன்னாலேயே பழைய பெல்ட்டை மடக்கி, முதுகில் ஓடிய வெடிப்பைக் காட்டினார்.

பம்ப், பெல்ட், டென்ஷனர், ரேடியேட்டர், மூடி, கூலன்ட், இரண்டு ஷாக், மவுன்ட், பின்னால் இரண்டு வீல் சிலிண்டர், பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 16,170. தேனியில் கொடுத்த 800-ஐச் சேர்த்தால் 16,970. ஸ்பேர்களை நானே கடையில் பில்லோடு வாங்கிக் கொடுத்தேன், பழையதை எல்லாம் சாக்கில் கட்டித் தரச் சொன்னேன். கூலன்ட் டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு மூன்று வாரம் தினமும் காலையில் பார்த்தேன். மட்டம் கோட்டிலேயே இருந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே போடிமெட்டு போய் வந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. பிப்ரவரியில் எஃப்சி காட்டி ஐந்து வருஷத்துக்கு ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். ஆகஸ்டில், ஏழாவது வளைவில், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி ஏறவில்லை, ஒரு கருகின வாடை. கிளட்ச். பத்தாயிரம் ஓடும் என்றது ஆறாயிரத்து நானூறில் முடிந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனாவது வளைவு?" என்று மட்டும் கேட்டார். கழற்றின பிளேட் தேய்ந்து, ரிவெட் தலைகள் மேலே தெரிந்தன. டிசம்பரிலேயே மாற்றியிருக்க வேண்டுமா என்றால், எட்டு மாசம் ஓடியிருக்கிறது, கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கவும் இல்லை, அதனால் பணக்கணக்கில் எனக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. ஒரு விசேஷ வீட்டுக்குச் சாப்பாடு இரண்டரை மணி நேரம் தாமதமாகப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அவர் எழுதின 7,000-க்கு 6,200 வாங்கினார்.

வண்டி இப்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்டை இன்றுவரை யாரும் இறக்கவில்லை. மார்கழி வந்தால் ஆயில் மூடியில் அதே மஞ்சள் நுரை படிகிறது, துணியால் துடைத்துவிட்டு மூடிவிடுகிறேன்.